ஒரு கொம்பு சிவப்பு, ஒரு கொம்பு பச்சை

சந்திரமதிக்கு எதையும் நேரில் பார்த்தாக வேண்டும். சிங்கப்பூர் தேக்கா சந்தையில் மீன் வாங்கப் போனால் எந்தக் கடல், யார் வலை என்று விசாரித்த பிறகுதான் பையை நீட்டுவாள். அவளைக் கண்டாலே கடைக்காரர்கள் வேறு பக்கம் திரும்பிக்கொள்வார்கள். எங்கள் தெருவில் அவளுக்குப் 'போலீஸ்' என்று பெயர். நானும் அப்படித்தான் கூப்பிட்டேன். அதை மாற்றுவதாக இல்லை.

அறுபத்திரண்டாம் வருஷக் கடைசியில் வைத்தியலிங்கம் என்பவர் எங்கள் தெருவுக்கு மாடு விற்க வந்தார். இருநூறு வெள்ளிப் பணம் கொடுத்தால் போத்தோங் பாசிர் பட்டியில் ஒரு கறவை மாடு நமக்குச் சொந்தம். அவரே வளர்த்து, பாலை விற்று, மாதாமாதம் லாபம் தருவார். பணத்தை வெற்றிலை பாக்கு மாற்றித்தான் வாங்குவார். வெற்றிலை கொடுத்தவரிடம் ரசீது கேட்க யாருக்கு வாய் வரும்? மாட்டைக் காட்ட மட்டும் ஒவ்வொருவராகத்தான் கூட்டிப் போவார்.

"கூட்டமா வந்தா மாடு மிரளும் லா, பால் வத்திடும்" என்பார்.

சந்திரமதியும் கணவர் சுந்தரமும் இருந்த சேமிப்பையெல்லாம் போட்டு லட்சுமி என்ற மாட்டை வாங்கினார்கள். மாட்டுப் பொங்கலுக்கு யாரும் வரவேண்டாம், பட்டியிலேயே படைத்துவிடுவோம் என்றார் வைத்தியலிங்கம். சொன்னால் கேட்கிற ஆளா இவள்? சாய டப்பாவோடு பஸ் ஏறிவிட்டாள். பட்டிக்காரக் கிழவர் சிரித்துக்கொண்டே உள்ளே விட்டார். ஒரு கொம்போடு சிவப்பு தீர்ந்துபோனது. மற்றதற்குப் பச்சை அடித்தாள்.

அடுத்த வாரம் பக்கத்து வீட்டு ஜரீனா வந்தாள். கணவனை இழந்து, தையல் தைத்துப் பிழைப்பவள். அவளுக்கென்று இருந்தது நாலு தங்க வளையல்.

"வெள்ளிக்கிழமை வளையல வித்து நானும் மாடு வாங்கறேன்க்கா. பாத்துட்டு வந்துட்டேன். பேரு ராணி. என்னா அழகுங்கிறீங்க! ஒரு கொம்பு சிவப்பு, ஒரு கொம்பு பச்சை."

"அடியே, அது என் லட்சுமிடி! ஏமாத்தறான், குடுக்காதே."

"உங்களுக்கு மட்டும் மாடு இருக்கணும், எனக்கு இருக்கக் கூடாதா?" ஜரீனா தன் வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

சந்திரமதி நேரே வைத்தியலிங்கத்திடம் போனாள். "அண்ணே, லட்சுமி எப்ப ராணியாச்சு?"

அந்த ஆள் அசரவில்லை. "கத்தாதீங்க தங்கச்சி. வெள்ளிக்கிழமை புதுப் பணம் வருது. உங்க இருநூறை அப்படியே குடுத்துடறேன். நீங்க பாட்டுக்கு இருங்க."

புதுப் பணம் யாருடையது என்று அவளுக்குத் தெரியும். சுந்தரத்துக்கும் தெரியும். "ஊர் வம்பு நமக்கெதுக்கு? வாங்கிக்குவோம்" என்றார் அவர். இரவெல்லாம் அவளுக்குத் தூக்கமில்லை.

வியாழக்கிழமை காலையில் மோசடிப் புகார் வாங்கும் அரசாங்க அலுவலகத்தில் போய் நின்றாள். அதிகாரி ஜமால் முகம்மது பொறுமையாகக் கேட்டார்.

"ரசீது இருக்காம்மா?"

"வெத்தலை குடுத்தாரு. மென்னுட்டேன்."

"அப்ப உங்க பணம் திரும்பறது கஷ்டம். யோசிச்சுச் சொல்லுங்க, புகாரா எழுதட்டுமா?"

"எழுதுங்க. நாளைக்கு வெள்ளிக்கிழமை."

அதோடு விட்டாளா? யார் போவீர்கள், மாட்டை எப்படி எண்ணுவீர்கள், நானும் கூட வரலாமா என்று தொடங்கிவிட்டாள். அவர் பேனாவை வைத்துவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டாராம்.

மறுநாள் ஜரீனா வளையலைக் கழற்றுவதற்குள் வைத்தியலிங்கம் பிடிபட்டார். பணம் போட்ட பதினேழு பேருக்கும் ஒரே மாடு. அதுவும் வாடகைக்கு. பணம் போன இடம் தெரியவில்லை. தெருவே சந்திரமதியைத் திட்டியது. சும்மா இருந்திருந்தால் நம் பணமாவது வந்திருக்குமே என்றார்கள். வந்திருக்கும், எவளோ ஒருத்தி வளையலிலிருந்து! அந்த வாய்களை நினைத்தால் எனக்கு இன்னமும் பற்றிக்கொண்டு வருகிறது.

நாலு நாள் கழித்து, சுந்தரம் ஆத்திரத்தில் அந்த இருநூறு வெள்ளிப் பேரத்தை ஜரீனாவிடம் கொட்டிவிட்டார். அன்று சாயங்காலமே அவள் வந்து, இரண்டு வளையலைக் கழற்றி நீட்டினாள். அழுதாள்.

சந்திரமதி அவள் கையைப் பிடித்துத் திரும்ப மாட்டிவிட்டாள்.

"போட்டுக்கடி. இதை வாங்கறதா இருந்தா வெள்ளிக்கிழமையே வாங்கியிருப்பேனே."