தெஸ்ஸியே என்றொரு குடும்பப் பெயர்

ஓய்வு பெற்றபின் காஞ்சிபுரத்தில் மைத்துனரின் பட்டுக்கடையில் பார்சலுக்கு முகவரி எழுதுவது என் வேலை. கையெழுத்து முத்துமுத்தாக இருக்கும் என்று எனக்கொரு பெருமை; வயதாகியும் அது மட்டும் குறையவில்லை. போன வாரம் ஒரு பிரெஞ்சுக்கார அம்மாள் புடவை வாங்கிவிட்டு, ஊருக்கு அனுப்பச் சொல்லிப் பெயரைச் சொன்னார். கடைசியில் ‘தெஸ்ஸியே’ என்று வந்தது. என் பேனா நின்றுவிட்டது.

அவரோடு வந்த கைடு மூலம் விசாரித்தேன். அங்கே அந்தப் பெயர் ஊருக்கு நாலு குடும்பத்துக்காவது இருக்குமாம். அந்தக் காலத்தில் துணி நெய்தவர்களுக்கு வந்த பெயராம். கடையில் காட்சிக்கு வைத்திருக்கும் தறியைக் காட்டிச் சிரித்தார். தறிக்காரர் மகனான நானும் சிரித்துவைத்தேன். அவர் போனபிறகு கல்லாமேல் இருந்த ஸ்டாம்ப் பேடின் வாசனை மூக்கில் ஏறியது. அதே வாசனைதான் நான் குமாஸ்தாவாக இருந்த பள்ளி ஆபீஸிலும்.

அங்கேதான் அந்தோணி வந்தார். புதுச்சேரிக்காரர், வாலாஜாபாத் ரைஸ் மில்லில் மெக்கானிக், என்னைவிடக் கறுப்பு. மகளை ஆறாம் வகுப்பில் சேர்க்க வந்திருந்தார். விண்ணப்பத்தில் ‘லூசி தெஸ்ஸியே’ என்று இருந்ததை அப்படியே பதிவேட்டில் ஏற்றிவிட்டு, அப்புறம்தான் யோசித்தேன். நம் ஊரில் பெயர் என்றால் முன்னால் அப்பாவின் இனிஷியல், அவ்வளவுதானே. தெஸ்ஸியே யார் என்று கேட்டேன். குடும்பப் பெயர், கொள்ளுத்தாத்தா பழைய பெயரைத் துறந்து பிரெஞ்சு சர்க்காரிடம் எழுதிக்கொடுத்து வாங்கியது, அதிலிருந்து தாங்கள் பிரெஞ்சுக் குடிமக்கள் என்றார்.

நான் சும்மா இருந்திருக்கலாம். எந்தத் தெரு என்று கேட்டே ஆளை எடைபோட்டுவிடும் ஊர் இது. எனக்கும் அந்த வியாதி உண்டு.

“வெள்ளக்காரன் பேரு வச்சிக்கினா சாதி பூடுமாபா?” என்றேன். ஆபீஸே சிரித்தது. மகள் பக்கத்தில் நின்றிருந்தாள்.

“போறதுக்குத்தான் சார் வாங்கனாங்க,” என்றார் அந்தோணி, மெதுவாக.

சிவப்பு மையால் அந்த வரியை அடித்துவிட்டு, மேலே ‘அ. லூசி’ என்று எழுதினேன். எழுதும்போது எனக்கு வெட்கமாக இல்லை. இப்போது எழுதும்போது கை கூசுகிறது.

லூசி பத்தாவது முடித்த வருஷம் அவர் திரும்ப வந்தார். குடும்பத்தோடு பிரான்சுக்குப் போகக் காகிதங்கள் தயார். லூசி வீட்டில் பிறந்தவள், பிறப்பைப் பதியவில்லை. பள்ளிச் சான்றிதழ்தான் அத்தாட்சி. அதில் குடும்பப் பெயர் இல்லாததால் பிரெஞ்சுத் தூதரகத்தில் அவள் காகிதத்தை மட்டும் நிறுத்திவிட்டார்கள். தப்பு என்னுடையது என்று தலைமையாசிரியரிடம் எழுதிக்கொடுத்திருந்தால் திருத்தியிருப்பார்கள். நான் எழுதவில்லை. தாலுக்கா ஆபீஸுக்குப் போங்கள், அங்கே போங்கள், இங்கே போங்கள் என்று அவரை அலையவிட்டேன். “பேருதானேபா, எதுவா இருந்தா இன்னா” என்றுகூடச் சொன்னேன்.

தூதரகம் கொடுத்த கெடு தாண்டியது. பின்னால் அழைத்துக்கொள்வதாகச் சொல்லி, லூசியை ஓரிக்கையில் சித்தி வீட்டில் விட்டுவிட்டு, பெற்றோரும் தம்பியும் போய்விட்டார்கள். மாற்றுச் சான்றிதழ் வாங்க அவள் தனியாக வந்தாள். தாளை நின்று படித்தாள்.

“எங்க வூட்ல நான் மட்டும்தான் சார் வேற பேரு,” என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் மறந்திருப்பேனோ என்னவோ.

போன வாரம் அந்தப் பிரெஞ்சு அம்மாளின் பார்சலை அனுப்பிவிட்டு ஓரிக்கைக்குப் போனேன். சித்தி வீடு இருந்த இடத்தில் கார் நிறுத்துகிறார்கள். லூசி அப்பா அம்மாவோடு சேர்ந்தாளா, யாருக்கும் தெரியவில்லை. பள்ளிக் கட்டடத்தை இடித்தாயிற்று. பழைய பதிவேடுகள் கரையானுக்குப் போனதாகச் சொன்னார்கள். பிரான்சில் ஊருக்கு ஊர் இருக்கும் அந்தப் பெயர், காஞ்சிபுரத்தில் எனக்குத் தெரிந்து ஒரே ஒரு வரியில்தான் எழுதப்பட்டிருந்தது. அதையும் ஸ்கேல் வைத்து, நேராக, அழகாக அடித்தவன் நான்.