சுவர் வரும்போது சொல்

டிரைவருக்குப் பார்வை போய் நாலு வருஷமாகியும் தெருவில் அவரை யாரும் வேறு பேர் சொல்லிக் கூப்பிடவில்லை. லாரியை விற்றாயிற்று, லைசென்ஸ் அலமாரியில் சும்மா கிடக்கிறது. ஆனாலும் பால்காரரிலிருந்து மருந்துக்கடைக்காரர் வரை எல்லோருக்கும் அவர் "என்ன டிரைவரே" தான். அதில் கிண்டல் ஒன்றும் இல்லை, பழக்கதோஷம். கண் நரம்பு கொஞ்சம் கொஞ்சமாகப் பட்டுப்போய்க்கொண்டிருந்த காலத்தில், வண்டிக் கண்ணாடிதான் அழுக்கு என்று துடைத்துத் துடைத்து ஓட்டிய மகானுபாவர் அவர். டாக்டரிடம் போய் உட்கார்ந்தபோது காரியம் கைமீறியிருந்தது.

அதற்குப் பிறகு அவர் நடையே மாறிவிட்டது. வலது கையை நெஞ்சுக்கு முன்னால் நீட்டிக்கொண்டு, சொந்த வீட்டுக்குள்ளேயே திருட வந்தவர் மாதிரி அடி எடுத்து வைப்பார். அந்தக் கை எதையும் தொடுவதற்கு முன்பே அவர் மனைவி அங்கே போய் நிற்பார். தம்ளரைத் தேடுவதற்குள் தம்ளர் கைக்கு வரும். கதவு திறக்கும், செருப்பு காலடியில் வந்து உட்காரும். வீட்டிலேயே தையல் மெஷின் போட்டு, பேன்ட் உயரம் குறைப்பது, ஜிப் மாற்றுவது என்று குடும்பத்தை இழுத்துக்கொண்டிருந்தவர் அந்த அம்மா. மெஷின் சத்தம் சட்டென்று நின்றால், தன்னைத் தாங்கிப் பிடிக்க எழுந்துவிட்டாள் என்று டிரைவருக்குத் தெரியும். அப்போதெல்லாம் அவருக்கு அழுகையும் கோபமும் சேர்ந்தே வரும். வாய்க்கு வந்து சேருவது கோபம் மட்டும்தான்.

குளத்துக்கு அவரை இழுத்துப் போனது தவளை. வாலிபத்தில் இருவரும் ஒன்றாகப் போட்டிகளுக்குப் பயிற்சி எடுத்தவர்கள். கையையும் காலையும் தவளை போல விரித்து மடக்கும் மார்பு நீச்சல்காரர் என்பதால் அவருக்கு அந்தப் பேர் ஒட்டிக்கொண்டது. டிரைவர் ஃப்ரீஸ்டைலில் புலி. ஸ்டியரிங்கைப் பிடித்த நாளோடு நீச்சலைத் தலைமுழுகியவர் அவர். தவளை தண்ணீரிலேயே கிடந்து, இப்போது நகராட்சி நீச்சல்குளத்தில் பயிற்சியாளர்.

"வாடா, தண்ணிக்குள்ள மோதறதுக்கு மேஜையா, நாற்காலியா? பக்கத்துல மிதவைக் கயிறு இருக்கு, அத உரசிக்கிட்டே நேரா போயிடலாம்."

"கடைசில சுவர் இருக்கே. அத உங்கப்பனா வந்து நகத்துவாரு?"

அதற்கும் ஒரு வழி இருந்தது. பார்வையில்லாதவர் நீந்தும்போது குளத்தின் கோடியில் ஒருவர் நீளக் கழியோடு நிற்பார். கழி நுனியில் மெத்தென்று ஒரு பந்து. ஆள் சுவரை நெருங்கியதும் தலையில் ஒரு தட்டு. அது விழுந்தால் இன்னும் ஒரு கைவீச்சில் சுவர் என்று அர்த்தம். அதுவரை முழு வேகத்தில் வரலாம். தவளை இரண்டு தூண்டில் கழிகளில் டென்னிஸ் பந்தைச் செருகிக் கொண்டுவந்தார். ஒன்று அவருக்கு. இன்னொன்றை, யாரும் கேட்பதற்கு முன்பே, டிரைவரின் மனைவி வாங்கிக்கொண்டார். வேறு யாருக்காவது விட்டுக்கொடுக்கிற ஆளா அவர்?

ஆரம்பத்தில் பாதிக் குளத்திலேயே டிரைவருக்கு மூச்சு முட்டியது. கால் கீழே போயிற்று, தோள் கழன்று விழுந்துவிடும் போல வலித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு தினமும் போனார். மெல்ல மெல்லப் பழைய வீச்சு திரும்பியது. ஆனால் போகும்போது ஒரு மாதிரி, வரும்போது ஒரு மாதிரி. தவளை நிற்கும் கோடிக்குப் பாய்ந்து போவார். மனைவி நிற்கும் கோடிக்கு வருகையில் தட்டு சீக்கிரமே விழுந்துவிடும். கையை வீசினால் வெறும் தண்ணீர். சுவர் எட்டாமல் தண்ணீரில் காலை உதறிக்கொண்டு நிற்பார்.

"எங்க சுவரு?"

"இன்னும் கொஞ்ச தூரங்க. கைய நீட்டிக்கிட்டே வாங்க."

வீட்டில் நீட்டிய கையைத் தண்ணீரிலும் நீட்டினார். தவளை அந்த அம்மாவுக்கு எத்தனையோ தடவை சொல்லிக் கொடுத்தார். தலையை ஆட்டுவார், மறுநாளும் சீக்கிரமே தட்டுவார். அந்த அம்மாவின் கை அவர் பேச்சையே கேட்கவில்லை.

ஒரு நாள் டிரைவர் வெடித்தார். "இல்லாத எடத்துல எல்லாம் சுவர்னு சொன்னா நான் எதத்தான் நம்பறது? கழிய இந்தக் குளத்துக் காவலாளிகிட்ட குடுத்துட்டு நீ போய் உக்காரு."

கழி கைமாறியது. அன்று டிரைவர் இரண்டு பக்கமும் பாய்ந்து பாய்ந்து நீந்தினார்.

வீட்டுக்கு வந்தபின் தம்ளர் கைக்கு வரவில்லை. அவரே தேடினார், தட்டிவிட்டார், தண்ணீர் காலில் கொட்டியது. மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது. அவர் கேட்டது இதைத்தான். கேட்டது கிடைத்தபோது, ஈரக்காலோடு அநாதை மாதிரி நின்றார்.

சுவரைத் தடவிக்கொண்டு மெஷின் பக்கம் போனார். "கோவமா?"

"கோவமில்லைங்க." மெஷின் நின்றது. "டாக்டர் கைய விரிச்சப்ப உங்க பக்கத்துல சும்மா உக்காந்திருந்தேன். என்னால ஒண்ணுமே பண்ண முடியல. இனிமே உங்க மேல ஒரு கீறல் விழக்கூடாதுன்னு அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன். நீங்க வேகமா வர்றதப் பாத்தா என் கை தானா எறங்கிடுது."

"கீறல் விழட்டும். தவளையும் காவலாளியும் தட்டினா நான் குளத்துல நீந்திடுவேன். வீட்டுக்கு வந்தா? இங்க நீதான இருக்க. நீ என்னைய விட்டாத்தான் நான் கைய எறக்க முடியும்."

மறுநாள் காலை குளத்தில் அந்த அம்மா காவலாளியிடமிருந்து கழியை வாங்கிக்கொண்டார்.

டிரைவர் தவளையின் கோடியிலிருந்து சுவரை உதைத்துக் கிளம்பினார். தோள் கயிற்றை உரசியது. பாதி தாண்டியதும் உடம்பு பழக்கத்தில் தயங்கியது. விடவில்லை. வழக்கமாகத் தட்டு விழும் இடம் வந்திருக்க வேண்டும், விழவில்லை. இன்னும் ஒரு வீச்சு. விழவில்லை. தட்டு விழுந்த அதே நொடியில் கை சுவரில் போய் மோதியது. விரல் முட்டியில் தோல் கிழிந்தது.

தலையைத் தூக்கி அலறலுக்காகக் காத்திருந்தார். அலறல் வரவில்லை. தலைக்கு மேலே விட்டு விட்டு மூச்சு மட்டும் கேட்டது. அழுகையை விழுங்குகிறாள் என்று புரிந்தது. தூரத்திலிருந்து தவளை, "தங்கச்சி, மருந்துப் பெட்டி..." என்று ஆரம்பித்தார்.

"இருக்கட்டும்ணா," என்றது மனைவியின் குரல்.

"ரத்தமா?" என்று கேட்டார் டிரைவர்.

"ஆமா. கொஞ்சம்தான்." கழியை மறுபடி தூக்கும் சத்தம் கேட்டது. "போயிட்டு வாங்க. நான் இங்கதான் நிக்கிறேன்."