கிறைண்டர் சொன்ன ஒன்பது மணி

சுவிசில் ஒக்டோபர் மாதக் கடைசி ஞாயிறு விடிவதற்குள் ஒரு மணித்தியாலம் சும்மா கிடைக்கும். மூன்று மணியைத் திரும்பவும் இரண்டாக்கிவிடுவார்கள். மார்ச் வந்ததும் கொடுத்ததைப் பிடுங்கிக்கொள்வார்கள். ஊரில் இருப்பவர்களிடம் இதைச் சொன்னால் புழுகுகிறான் என்றுதான் நினைப்பார்கள். கைபேசி தானாகவே மாறிவிடும். எங்கள் டீட்டிகோன் வீட்டின் வரவேற்பறை மணிக்கூட்டை என் மனைவி வசந்தி சனிக்கிழமையே மாற்றி வைத்துவிடுவாள். குசினி மணிக்கூடு மட்டும் என் பொறுப்பு. அதை ஞாயிறு பின்னேரம் வரைக்கும் நான் தொடுவதில்லை. “உங்களுக்குக் கொழுப்பு” என்பாள் வசந்தி. கொழுப்பில்லை, பழக்கம்.

நாங்கள் கிளிநொச்சியில் இருந்த காலத்தில் அரசாங்கம் நாட்டின் நேரத்தை முன்னுக்குத் தள்ளியது. போராளிகளின் கட்டுப்பாட்டில் இருந்த எங்கள் பக்கம் அதை ஏற்கவில்லை. அரை மணித்தியாலம் பிந்தி, பழைய நேரத்திலேயே வாழ்ந்தோம். யாராவது மணி சொன்னால், “பழைய நேரமோ, புதிய நேரமோ?” என்று கேட்காமல் நம்பமாட்டோம். சண்டை நின்று பாதை திறந்த பிறகு அக்காவின் கலியாணப் பதிவுக்காக அரசாங்கப் பக்கத்து வவுனியாவுக்குப் போனோம். பத்து மணிக்குப் பதிவு. எங்கள் கைக்கடிகாரத்தில் பத்தாக இன்னும் பத்து நிமிடம் இருக்கிறது என்று மிடுக்காகப் போய் இறங்கினால், அங்கே பத்து இருபது. பதிவாளர் வேறு வேலைக்குக் கிளம்பிவிட்டார். பெண்ணுக்குத் தன்னைப் பிடிக்கவில்லையோ என்று மாப்பிள்ளை வேர்த்து விறுவிறுத்து நின்றார். பிழை முழுக்க எங்களுடையது. அப்பாவோ ஒரு சொல் இறங்கி வரவில்லை. “எங்கட மணிக்கூட்டில இன்னும் பத்தாகேல்லை” என்று மாப்பிள்ளையிடமே கையை நீட்டிக் காட்டினார். மறுநாள்தான் பதிவு நடந்தது. அந்த மனிதரின் மகன் நான், வேறு எப்படி இருப்பேன்.

வாரம் முழுக்கப் பண்டகசாலையில் பெட்டி ஏற்றி இறக்குகிறவனுக்கு ஞாயிறு காலைதான் சொர்க்கம். கைபேசியை லாச்சிக்குள் போட்டு மூடிவிடுவேன். சாரத்தோடு குசினிக்குள் நின்று தோசை சுடுவேன். ஒன்பது மணிக்குச் சம்பலுக்குக் கிறைண்டரைப் போடுவேன். அந்த ஒன்றுதான் எனக்குப் பயம். ஞாயிற்றுக்கிழமை சத்தம் போடுவதை இந்த நாட்டில் யாரும் இலேசில் பொறுக்கமாட்டார்கள். குசினிச் சுவருக்கு அந்தப்பக்கம் பிராவ் ஹூபர் என்று வயதான சுவிஸ் பெண்மணி ஒருவர் தனியாக இருக்கிறார். பதினொரு வருடமாக அவருக்கும் எங்களுக்கும் இடையில் படிக்கட்டில் “குறுவெத்சி” என்று ஒரு வணக்கம், அவ்வளவுதான். அவருக்காகவே கிறைண்டருக்கு அடியில் துவாயை மடித்து வைத்துத்தான் அரைப்பேன்.

பயத்துக்கு இன்னொரு காரணமும் இருந்தது. எங்கள் குடியுரிமை விண்ணப்பத்தில், எங்களைத் தெரிந்த மூன்று பேரின் பெயரும் கையொப்பமும் கேட்டிருந்தார்கள். என் மேலாளர் போட்டுத் தந்துவிட்டார். மகளின் முன்னாள் ஆசிரியையும் தந்துவிட்டார். மூன்றாவது, அயலவர் ஒருவர். அந்தக் கட்டம் மட்டும் மூன்று மாதமாக வெறுமையாகக் கிடந்தது. “போய்க் கேளுங்கோவன். இல்லையெண்டுதானே சொல்லுவா” என்று வசந்தி நாளும் பொழுதும் நச்சரித்தாள். அந்த ‘இல்லை’யைக் கேட்கத்தான் எனக்குத் தைரியமில்லை. இத்தனை வருடம் ஒரே கட்டடத்தில் இருந்துவிட்டு, உங்களை எனக்குத் தெரியாதே என்று ஒருவர் சொன்னால் அதை எப்படித் தாங்குவது?

போன ஒக்டோபரில் அந்த ஞாயிறு வந்தது. குசினி மணிக்கூட்டில் ஒன்பது. செத்தல் மிளகாய், சின்ன வெங்காயம், தேங்காய்ப்பூ எல்லாவற்றையும் போட்டு அரைத்தேன். சாப்பிட உட்கார்ந்து, இரண்டாவது தேத்தண்ணியையும் குடித்து முடிக்கையில் அழைப்புமணி அடித்தது. கதவைத் திறந்தால் பிராவ் ஹூபர். தடித்த கோட்டு, தொப்பி, குளிரில் சிவந்த மூக்கு.

“இன்றைக்கு நீங்கள் முந்திவிட்டீர்கள்” என்றார் டொச் மொழியில்.

வரவேற்பறை மணிக்கூட்டைத் திரும்பிப் பார்த்தேன். ஒன்பதாக இன்னும் பத்து நிமிடம். அப்படியென்றால் நான் அரைத்தது எட்டு மணிக்கு. ஞாயிறு காலை எட்டு மணிக்கு. “என்ட்ஷுல்டிகுங், என்ட்ஷுல்டிகுங்” என்று மன்னிப்புக் கேட்டபடி, இனி அரைக்கவேமாட்டேன் என்றும் சொல்லிவிட்டேன்.

அவர் திடுக்கிட்டுப்போனார். “ஐயோ, அப்படிச் செய்யாதீர்கள். பிறகு நான் எப்படித் தேவாலயத்துக்குப் போவது?”

விஷயம் மெல்ல மெல்லத்தான் வெளியே வந்தது. இரண்டு வருடமாக அவருக்குக் கண் மங்கிக்கொண்டு வருகிறது. அந்தக் கோடைக்குப் பிறகு மணிக்கூட்டு முள்ளும் தெரிவதில்லை. ஞாயிறுகளில் எங்கள் கிறைண்டர் கேட்டதும் ஒன்பது என்று எழும்பிக் கோட்டைப் போட்டுக்கொள்வார். ஒன்பதரைக்குப் பூசை. இன்றும் அப்படித்தான் போயிருக்கிறார், பூட்டிய கதவுக்கு முன்னால் நின்று குளிரில் விறைத்துத் திரும்பியிருக்கிறார். “முந்தி நல்ல சத்தமாகக் கேட்கும். இப்போது ஏன் குறைந்துவிட்டது?” என்று வேறு கேட்டார். துவாயைப் பற்றிச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது.

வசந்தி அவரைக் கையோடு உள்ளே கூட்டிவந்து இருத்தித் தோசை வைத்தாள். சம்பல் உறைத்துக் கண்ணும் மூக்கும் வடிய, இன்னும் கொஞ்சம் வைக்கச் சொன்னார். மேசைக்குக் கீழே வசந்தியின் கால் என் காலை மிதித்தது. எழும்பிப்போய்ப் படிவத்தை எடுத்துவந்தேன். விஷயத்தைச் சொன்னேன்.

“எனக்கு வாசிக்க முடியாது. என்ன கேட்டிருக்கிறார்கள்?”

“விண்ணப்பதாரரை எத்தனை வருடமாகத் தெரியும் என்று.”

நான் பயந்த கேள்வி அதுதான். அவர் யோசிக்கவேயில்லை. “பதினொன்று. நீங்கள் குடிவந்த முதல் ஞாயிற்றிலிருந்து. எழுதுங்கள்.”

எழுதினேன். கண்ணீர் மறைத்ததால் அந்தப் பதினொன்று கொஞ்சம் கோணிப்போயிற்று. பேனையைக் கொடுத்து, அவர் விரலைப் பிடித்துக் கோட்டின் மேல் வைத்தேன். கையொப்பம் கோட்டில் தொடங்கி மேல்நோக்கி ஏறிப் போனது. பிறகு தேவாலயம் வரைக்கும் கைபிடித்துக் கூட்டிக்கொண்டு போய் விட்டுவந்தேன்.

திரும்பி வந்தபோது வசந்தி படிவத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். மேலே ‘பிறந்த இடம்: கிளிநொச்சி’ என்று என் கையெழுத்து. கீழே பிராவ் ஹூபரின் பெயர். அதன் பக்கத்தில் அவருடைய பெருவிரல், சம்பலோடு சிவப்பாகப் பதிந்து கிடந்தது.

“வேற தாள் எடுத்துத் திரும்ப எழுதுவமோ?” என்றாள்.

“வேண்டாம், இப்பிடியே குடுப்பம்” என்றேன்.