பானட்டில் ஆறு வெட்டு

என் கார் பானட்டில் ஆறு நீள வெட்டுகள் இருக்கின்றன. பார்க்கிறவர்கள் முதலில் சிரிப்பார்கள், பிறகு ஏன் என்று கேட்பார்கள். இன்ஜின் சூடு வெளியே போக என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவேன். முழுக்கதையும் சொல்ல எனக்குத் தெம்பு கிடையாது. இப்போது எழுதுவதுகூட, ஆஸ்பத்திரி வராந்தாவில் நாலு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டியிருக்கிறதே என்றுதான்.

உள்ளே என் மனைவிக்கு டயாலிசிஸ் ஓடிக்கொண்டிருக்கிறது. வாரத்தில் இரண்டு நாள், திங்களும் வியாழனும். லைட்ஹவுஸ் குப்பத்தில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து ஏரிப் பாலம் ஏறி, பழவேற்காடு பஜாரைத் தாண்டி, பொன்னேரி, மீஞ்சூர் என்று வந்து, கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்கிற ரோட்டில் ஊர்ந்து, பத்து மணிக்குள் இங்கே வந்து சேர வேண்டும். பத்து மணிக்கு அவளுக்கென்று ஒரு மெஷின் காலியாகும். நாம் வரவில்லை என்றால் அடுத்தவர் ஏறிவிடுவார். அவரும் இதே நோயாளிதான், அவர்மேல் கோபப்பட முடியாது. முன்பெல்லாம் யார்மேலாவது கோபப்பட்டால் எனக்கு நேரம் போகும். அந்த வசதியும் போயிற்று.

பஸ்ஸில் போகலாம்தான். போகும்போது போய்விடலாம், திரும்பும்போது அவளால் நிற்க முடியாது. அதனால் கார். பஜாரில் ஒரு பாய் வீட்டில் பல வருஷம் நின்றிருந்த பழைய டீசல் கார். கடலுக்குப் போவதை முட்டி வலியால் விட்ட பிறகு, ஊர்க்காரர்களைக் கல்யாணத்துக்கும் கோர்ட்டுக்கும் ஏற்றிப் போகலாம் என்று வாங்கினேன். எங்கள் ஊர்க் காற்றில் இரும்பு எத்தனை நாள் இரும்பாக இருக்கும் என்று கேட்காதீர்கள். ரேடியேட்டரில் எங்கேயோ ஒரு கசிவு. தேடினேன், கிடைக்கவில்லை. தினமும் கிளம்பும்முன் இரண்டு சொம்பு தண்ணீர் ஊற்றினால் ஓடியது. சரி, ஓடட்டும் என்று விட்டுவிட்டேன்.

அந்த இரண்டு சொம்பு தண்ணீரில்தான் வினை இருந்தது. குப்பத்தில் குடிதண்ணீர் லாரியில் வரும். பெண்கள் குடத்தை வரிசையில் வைத்துக் காத்திருந்து பிடித்த தண்ணீரைக் காருக்கு ஊற்ற யாருக்குத்தான் மனசு வரும்? போர் போட்டாலும் உப்பு. ஆனால் ஐப்பசி, கார்த்திகை மழையில் ஆற்று வெள்ளம் வந்து விழுந்ததும் ஏரி நல்ல தண்ணீராகிவிடும். சில வருஷம் தை வரைக்கும், சில வருஷம் மாசி வரைக்கும் நிற்கும். பிறகு முகத்துவாரம் வழியாகக் கடல் மெல்ல உள்ளே ஏறும். ஆகவே அந்த மழைக்காலத்தில் பாலத்தோரம் காரை நிறுத்தி, ஏரியில் ஒரு கேன் மொண்டுகொள்வது எங்கள் வழக்கமாயிற்று.

தண்ணீர் நல்லதா என்று சொல்வது என் மனைவி. அவள் பசியாவரத்துப் பெண். தீவில் பிறந்து, இடுப்பளவு தண்ணீரில் கையால் துழாவி இறால் பிடித்தவள். விரலை நனைத்து நாக்கில் வைத்தால் போதும். இன்றைக்குக் கடல் ஏறியிருக்கிறது, நேற்றைக்கு இன்று உப்பு கம்மி, இந்தத் தண்ணீருக்கு இறால் வராது, எல்லாம் சொல்வாள். கல்யாணமான புதிதில் நான் கிண்டல் செய்து இரண்டு சொம்பில் இரண்டு இடத்துத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தேன். எது எந்த இடம் என்று சொல்லிவிட்டு, சொம்பை ஒழுங்காகக் கழுவவில்லை என்றும் சொன்னாள். அதிலிருந்து நான் வாயைத் திறந்ததில்லை. என் நாக்கோ புகையிலை அடக்கி அடக்கிச் செத்து இருபது வருஷம் ஆகிறது. வீட்டில் நாக்கு வேலை முழுவதும் அவளுடையது.

உடம்பு கெட்ட பிறகும் அது மட்டும் அவளிடம் இருந்தது. சமையலை மகள் எடுத்துக்கொண்டாள். மீன் கழுவக்கூட விடுவதில்லை, கையில் ஊசி போடுகிற இடம் கெட்டுவிடும் என்று. உப்பு கூடாது, கருவாடு கூடாது, தண்ணீர் ஒரு நாளைக்கு ஒரு சின்ன பாட்டில். அதையும் அவள் மடக்கு மடக்காக எண்ணிக் குடித்தாள். பாலத்தோரம் நான் கேனை ஜன்னல் வழியாக நீட்டுவேன். விரலை முக்கி நாக்கில் வைத்து, கொஞ்ச நேரம் கண்ணை மூடி, "நல்ல தண்ணி, ஊத்துய்யா" என்பாள். அந்த ஒரு நிமிஷம் அவள் நோயாளி மாதிரியே இருக்கமாட்டாள்.

பங்குனியில் கார் கொதிக்க ஆரம்பித்தது. மீஞ்சூர் தாண்டியதும் சூடு காட்டுகிற முள் ஏறும். லாரிகளுக்கு நடுவே நின்றால் சிவப்பைத் தொடும். ஓரம் கட்டி, பானட்டைத் தூக்கி, சாக்கால் மூடியைத் திறந்து, ஆவி அடங்கும்வரை நிற்க வேண்டும். வெயிலில் அவள் முன் சீட்டில் புடவைத் தலைப்பால் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். நான் பாட்டில் பாட்டிலாக ரேடியேட்டருக்கு ஊற்றுவேன்.

"அதுக்கு மட்டும் எம்மா தண்ணி வேணா குடுக்கலாம், இன்னா?" என்றாள் ஒரு நாள்.

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்கு அந்தப் பாட்டிலை ரோட்டில் அடித்து உடைக்க வேண்டும் போலிருந்தது.

எங்கள் குப்பத்தில் ஒருவர் ஃபைபர் போட்டுகளுக்கு இன்ஜின் பெட்டி செய்பவர். இன்ஜின்மேல் கவிழ்க்கிற தகரப் பெட்டி. சூடு தங்காமல் இருக்க அதில் வரிவரியாக வெட்டு விடுவார். கார் கொதிக்கிறது என்று கேட்டதும் மெக்கானிக்கிடம் போ என்று சொல்லவில்லை. நானும் போகவில்லை. இன்ஜின் என்றால் எங்களுக்குப் படகு இன்ஜின்தான். அது சூடானால் பெட்டியைத்தான் பார்ப்போம்.

"பெட்டிக்கு வெட்டு வுட்றோம், காருக்கு வுட்டா இன்னா அண்ணாத்த? சூடு உள்ள அடைச்சிக்கினுகீது. வழி வுட்டா தானா பூடும்" என்றார்.

பானட்டைக் கழற்றி மணலில் கவிழ்த்துப் போட்டோம். சாக்பீஸால் ஆறு கோடு இழுத்தார், பக்கத்துக்கு மூன்று. கட்டிங் மெஷின் அலறியதில் வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் எழுந்து வந்துவிட்டார்கள். ஒருவர் இன்னும் நீளமாக வெட்டச் சொன்னார், இன்னொருவர் மழை வந்தால் என்ன செய்வாய் என்று கேட்டார். விளிம்பை உள்பக்கம் மடித்து, அரம் போட்டு, படகுக்கு அடிக்கிற நீலப் பெயின்டையே அடித்துக் கொடுத்தார். காரைப் பார்த்து என் மனைவி, "செவுள் வெச்ச மீனாட்டம் கீது" என்றாள். அவ்வளவு நாளுக்குப் பிறகு அவள் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான்.

வெட்டு கொஞ்சம் வேலை செய்ததும் உண்மை. முள் சிவப்புக்கு ஒரு விரல் கீழேயே நின்றது. அனல் வெளியே வந்து அவள் முகத்தில் அடித்தது, ஜன்னலை மூடிக்கொண்டாள். பாலத்தோரம் அவள் விரலை முக்கிச் சொன்ன தண்ணீரை நான் ஊற்றிக்கொண்டே இருந்தேன். சித்திரை வெயில் வந்துவிட்டதே, இன்னுமா ஏரி நல்ல தண்ணீராக இருக்கிறது என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டாமா? தோன்றியது. முகத்துவாரம் தூர்ந்திருக்கும், இந்த வருஷம் அப்படி என்று நானே ஒரு சமாதானம் செய்துகொண்டேன்.

ஒரு திங்கட்கிழமை கார் நின்றேவிட்டது. முன்னும் பின்னும் லாரி. ஆறு வெட்டிலிருந்தும் ஆவி. அதைத் தள்ளி ஓரம் கட்டி, ஆட்டோ பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது அவள் மெஷினில் வேறொருவர் படுத்திருந்தார். நாளைக் காலையில் பார்க்கலாம் என்றார்கள். அன்று முழுக்க இந்த வராந்தாவிலேயே கிடந்தோம், அவளால் படுக்க முடியவில்லை. படுத்தால் மூச்சு முட்டியது. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடி, வீங்கின காலை நீட்டி, வாயைத் திறந்து மூச்சு வாங்கினாள். நான் எதிரே உட்கார்ந்திருந்தேன். ஒரு தகரத்தில் ஓட்டை போட்டுவிட்டுப் பெரிய ஆள் மாதிரி திரிந்தேனே என்று வெட்கமாக இருந்தது. அதைவிட அதிகமாகப் பயமாக இருந்தது.

மறுநாள் அவள் மெஷினில் இருந்தபோதுதான் ஒரு மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு கார் நின்ற இடத்துக்குப் போனேன். அவர் வெட்டுகளைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை, அந்த மரியாதைக்கு இன்றும் நன்றி. ரேடியேட்டரைக் கழற்றி, மேல் மூடியைப் பிரித்தார். உள்ளே துரு குழம்பாக இருந்தது, குழாய் வாயெல்லாம் வெள்ளையாகப் பொருக்கு தட்டியிருந்தது.

"அண்ணே, கடல் தண்ணியா ஊத்துனீங்க?"

"ஏரித் தண்ணி. நல்ல தண்ணிதான்."

அவர் பொருக்கை நகத்தால் சுரண்டிக் காட்டினார். "நல்ல தண்ணியில இப்படி வராதுண்ணே. எத்தினி மாசமா ஊத்துறீங்க?"

கேனில் மிச்சம் இருந்ததை, புகையிலையைத் துப்பி வாய் கொப்பளித்துவிட்டுக் குடித்துப் பார்த்தேன். செத்த நாக்குக்கே உறைத்தது. அந்த ரோட்டோரத்தில், லாரி தூசிக்கு நடுவில், எனக்கு அழுகை வந்தது. கார் போனதற்கு இல்லை. என் மனைவியின் நாக்கு போய்விட்டது, அது அவளுக்கே தெரியாது என்று நினைத்துத்தான். இந்த வியாதியில் நாக்கு ருசி கெடும் என்று நர்ஸ் எப்போதோ சொல்லியிருந்தார். சாப்பாடு பிடிக்காமல் போகும் என்றுதான் அப்போது விளங்கிக்கொண்டேன்.

ரேடியேட்டரைச் சுத்தம் செய்து பற்றவைத்துக் கொடுத்தார். கசிவு கொஞ்சம் இருக்கத்தான் செய்யும், டிக்கியில் நல்ல தண்ணீர் வைத்துக்கொள்ளுங்கள் என்றார். வைத்துக்கொண்டேன். அவளிடம் மட்டும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? ஏற்கெனவே ஒவ்வொன்றாக அவள் கையிலிருந்து பிடுங்கிவிட்டார்கள், இதை நானும் போய்ப் பிடுங்கவா? எனவே வழக்கம்போலப் பாலத்தோரம் நிறுத்துவேன், ஏரியில் மொள்ளுவேன், ஜன்னலில் நீட்டுவேன். அவள் விரலை முக்கி, கண்ணை மூடி, "நல்ல தண்ணி" என்பாள். பானட்டைத் தூக்கினால் அது கண்ணாடியை மறைத்துக்கொள்ளும். அந்த மறைவில் கேன் தண்ணீரைச் சக்கரத்தடியில் கொட்டிவிட்டு, சீட்டுக்குத் தெரியாமல் முன்பே கொண்டுவந்து வைத்த பாட்டிலை ரேடியேட்டரில் ஊற்றுவேன். ஐந்தாறு வாரம் இப்படிப் போயிற்று. முள் ஏறவில்லை. ஒரு நாளும் தாமதம் இல்லை. நான் கெட்டிக்காரன் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

போன திங்கட்கிழமை பானட்டை மூடிவிட்டு வந்து உட்கார்ந்தேன். சாவியைத் திருப்பும்முன் கேட்டாள்.

"எத்தினி நாளா கீழ ஊத்துறே?"

"எதைமே?"

"வெட்டு வழியா உன் கை தெரியுதுய்யா. மொத நாளே தெரிஞ்சுது."

சூடு போக நான் வெட்டிய ஆறு வெட்டும் அவள் முகத்துக்கு நேரே நின்றிருக்கின்றன. எனக்குத்தான் அது உறைக்கவில்லை. தண்ணீரில் தூசி இருந்தது, பாசி இருந்தது என்று உளறினேன்.

"பொய் சொல்லாதே. எனக்குத் தெரியாதா? உப்பு போடாத சோறும் ஒண்ணுதான், கருவாடும் ஒண்ணுதான். கடலையே மொண்டு குடுத்தாலும் என் நாக்குக்கு நல்ல தண்ணிதான்."

"எப்பத்துலருந்து?"

"தையிலருந்து."

தையிலிருந்து. அப்படியென்றால் அவள் தெரிந்தேதான் சொல்லியிருக்கிறாள். கார் கொதித்தது, மெஷின் கைவிட்டுப் போனது, அந்த ஒரு நாள் முழுக்க மூச்சு வாங்கியது, எல்லாவற்றுக்கும் பிறகும். எனக்குக் கோபம் வந்தது. பல மாதங்களுக்குப் பிறகு நிஜமான கோபம்.

"நீ செத்திருப்பே, மே! இன்னாத்துக்கு வாயத் தொறக்கல?"

அவள் ஏரியைப் பார்த்தபடி, ரொம்பச் சாதாரணமாகச் சொன்னாள்.

"சொன்னா நீ கேக்கறத வுட்டுடுவே."

மீஞ்சூர் ரயில்வே கேட்டில் நிற்கும்போது தன் பாட்டிலிலிருந்து ஒரு மடக்கு குடித்தாள், மூடியை இறுக்கி மடியில் வைத்துக்கொண்டாள். முள் நடுவிலேயே நின்றது. பத்துக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது வந்து சேர்ந்தோம்.

இன்று வியாழன். காலையில் பாலத்தோரம் காரை நிறுத்தினேன். இறங்கிப் போய் ஏரியில் மொண்டு, ஜன்னலில் நீட்டினேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள். பிறகு விரலை முக்கி, நாக்கில் வைத்து, கண்ணை மூடினாள்.

"நல்ல தண்ணிய்யா" என்றாள்.

"சரிமே" என்று சொல்லி, அவள் பார்க்கப் பார்க்க அதைச் சக்கரத்தடியில் ஊற்றிவிட்டு, டிக்கியைத் திறக்கப் போனேன்.