ஒரு பெட்டிச் சாயமும் இரண்டு தலைகளும்

மல்லாவிப் பக்கத்து மாதர் சங்கத்தில் எது வந்தாலும் பாதியாகப் பிரிப்பதுதான் வழக்கம். விதைக்குக் கச்சான்கடலை வந்தால் இரண்டு பேருக்கு ஒரு மூடை. சவர்க்காரம் வந்தால் நூலால் அறுத்து ஆளுக்குப் பாதி. யுத்தம் முடிந்து முகாமிலிருந்து வெறுங்கையோடு திரும்பி வந்த காலத்தில் பழகியது, பிறகு விடவில்லை. அந்த நல்ல பழக்கம்தான் கடைசியில் தலைவி அன்னபாக்கியத்தின் தலையிலேயே கை வைத்தது.

அன்னபாக்கியத்துக்கு நாற்பத்தொன்பது வயது. எழுபத்தேழுக் கலவரத்தில் தேயிலைத் தோட்டத்து லயக் குடியிருப்பை விட்டு ஓடிவந்த தாய் தகப்பனின் இடுப்பில் கைக்குழந்தையாக வன்னிக்கு வந்தவள். காடு வெட்டியவர்களின் மகள். கடைசி யுத்தத்தில் கணவனை ஷெல்லுக்குக் கொடுத்தாள். யார் யாருடைய வயலிலோ நாற்று நட்டு இரண்டு பிள்ளைகளைப் படிப்பித்தாள். பிறகு சங்கம் தொடங்கி, ஏழு வருடம் மாவட்டக் கச்சேரி அலுவலகப் படி ஏறி இறங்கி, ஊருக்கு ஒரு மா அரைக்கும் ஆலையைக் கொண்டுவந்தாள்.

அந்த ஆலையின் திறப்பு விழாவில் குத்துவிளக்கின் முதல் திரியை அவளே கொளுத்த வேண்டும் என்று சங்கம் தீர்மானித்திருந்தது. கோயில் சபைத் தலைவர் சிற்றம்பலத்தாருக்கு அது பொறுக்கவில்லை. தாலியறுத்தவள் விளக்கேற்றினால் ஆலை விளங்காது என்று கடை கடையாகச் சொல்லித் திரிந்தார். விளக்கு எரிய எண்ணெய் வேண்டும், திரி வேண்டும், நெருப்பு வேண்டும். புருசன் வேண்டும் என்று எந்த விளக்கும் கேட்டதில்லை. ஆனால் இதை அவர் முகத்துக்கு நேரே சொல்ல ஊரில் ஒருவருக்கும் வாய் வரவில்லை.

விழாவில் எடுக்கும் படத்தைச் சட்டம் போட்டு ஆலைச் சுவரில் மாட்டுவார்களாம். அதில் நரைத்த தலையோடு நிற்க அன்னபாக்கியத்துக்கு மனமில்லை. ஆசைதான், அதிலென்ன குற்றம்? போன தீபாவளிக்கு அடித்த கறுப்பு டை நெற்றியை வீங்க வைத்ததால், இந்த முறை இலைப்பொடிச் சாயம் ஒரு பெட்டி வாங்கினாள். பெட்டியில் கருகருவென்ற கூந்தலோடு ஒருத்தி சிரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் எறும்பு எழுத்துகள். தமிழில் ஒரு சொல் இல்லை. காசை மட்டும் எந்த மொழிக்காரரிடமும் வாங்கிக்கொள்வார்கள்.

உள்ளே இரண்டு பொட்டலங்கள் இருந்தன. இரண்டு என்றால் இரண்டு பேருக்கு. ஒன்றைத் தன்னைப்போலவே கணவனை இழந்த பொருளாளர் நாகேஸ்வரிக்குக் கொடுத்தாள். விழாவுக்கு முதல்நாள் இருவரும் அவரவர் வீட்டில் பூசி, ஊறவைத்து, கழுவினார்கள். அன்னபாக்கியத்தின் நரையெல்லாம் பழுத்த தோடம்பழத்தின் செம்மஞ்சள் நிறமாயிற்று. நாகேஸ்வரியின் நரை குளத்துப் பாசி மாதிரிப் பச்சை பிடித்தது.

மறுநாள் காலை அன்னபாக்கியம் தலையில் துவாயைச் சுற்றிக்கொண்டு குசினி அடுப்போரம் இருந்தாள். தனக்குக் காய்ச்சல் என்றும், விளக்கை வேறு யாராவது கொளுத்தட்டும் என்றும் சொல்லிவிட்டாள். இந்தக் கோலத்தில் போனால், விதவைக்கு என்ன டை என்று சிற்றம்பலத்தார் கேட்க ஊரே சிரிக்கும். ஏழு வருட உழைப்பு ஒரு சிரிப்போடு போய்விடும்.

பக்கத்து வீட்டுக் கஜேந்தினி மல்லாவியில் மணப்பெண் அலங்காரம் செய்கிறவள். வந்து பெட்டியை வாசித்தாள். வாசித்தவள் நிலத்தில் குந்திவிட்டாள், அவ்வளவு சிரிப்பு.

"அக்கா, முதலாவது பொட்டலம் மருதாணி, ரெண்டாவது அவுரி. ரெண்டும் ஒரே தலைக்குத்தான். ஒண்டு வச்சுக் கழுவிப்போட்டு மற்றது வைக்கோணும்."

"அதைத் தமிழிலை எழுதியிருந்தா நான் ஏன் பிரிக்கிறன்?" என்றாள் அன்னபாக்கியம்.

விழாவுக்கு இன்னும் இரண்டு மணித்தியாலம்தான். அதற்குள் புதிதாகச் சாயம் வைத்தால் தலை காயாது, கறுப்பும் ஏறாது என்று கஜேந்தினி சொல்லிவிட்டாள். பச்சைத் தலையோடு அங்கே வந்திருந்த நாகேஸ்வரி விடவில்லை. சிரட்டைக்கரியை இடித்துத் தேங்காயெண்ணெயில் குழைத்துத் தன் தலையில் பூசிப் பார்த்தாள். வேர்வையோடு அது மூக்குவரை கறுப்பாய் வழிந்தது. அதையும் கழுவ வேண்டியதாயிற்று.

பிறகு கஜேந்தினி சீப்பைக் கையில் எடுத்தாள். நரை அதிகமாய் இருந்தது நேர் உச்சியில். அதை மாற்றிக் கன்ன உச்சி எடுத்தாள், அதுவும் நேராக இல்லாமல் வளைத்து வளைத்து, வேர் கோடாகத் தெரியாதபடி. பின்னாலிருந்த கறுப்பு மயிரை முன்னுக்கு இழுத்து மூடினாள். மீதி வேரில் கண்மைப் பென்சிலைத் தீட்டி, கரையாமலிருக்க மேலே மெல்லப் பவுடர் ஒற்றினாள். நெற்றியோரத்து மயிரை முறுக்கிப் பின்னால் குத்தினாள். நாகேஸ்வரியின் பச்சை நுனிகளை உள்ளுக்கு மடித்துக் கொண்டை போட்டாள்.

எல்லாம் சரி. அன்னபாக்கியத்தின் காதுக்கு மேலே மட்டும் ஒரு குட்டை மயிர்க் கூட்டம், எந்தக் குத்தூசிக்கும் அடங்காமல், தோடம்பழமாய் எட்டிப் பார்த்தது. கஜேந்தினி பின்னேர மணப்பெண்ணுக்கென்று வைத்திருந்த மல்லிகைச் சரத்தை எடுத்துக் கிட்டக் கொண்டுபோனாள். பாதியில் கை நின்றது. பதினாறு வருடம் அந்தத் தலையில் பூ ஏறியதில்லை.

"ஏன் பிள்ளை நிப்பாட்டிட்டாய்?"

"பூ, அக்கா..."

"பூ செடியிலைதான் பூக்குது. என்ரை மனுசன் இருக்கேக்கையும் ஒரு முழம் வாங்கித் தந்ததில்லை. நீ வை."

சிரிப்பில் நாகேஸ்வரிக்குக் கொண்டை அவிழ்ந்துவிட்டது. தனக்கும் வேண்டும் என்று அவள் கேட்க, சரத்தை நடுவால் வெட்டினார்கள்.

பந்தலுக்குள் அவர்கள் இருவரும் பூவோடு நுழைந்தபோது எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். முன்வரிசைக் கதிரையில் சிற்றம்பலத்தார் தொண்டையைச் செருமினார். அன்னபாக்கியம் மெழுகுதிரியை வாங்கினாள், நேரே போய் முதல் திரியைக் கொளுத்தினாள். இடி ஒன்றும் விழவில்லை. அடுத்த திரியைக் கொளுத்த மெழுகுதிரியை நாகேஸ்வரியிடம் கொடுத்தாள். மூன்றாவதையும் நான்காவதையும் சங்கத்தின் வேறு இரண்டு விதவைகள் கொளுத்தினார்கள்.

ஐந்தாவது திரி மிஞ்சியது. அன்னபாக்கியம் மெழுகுதிரியோடு சிற்றம்பலத்தாருக்கு முன்னால் போய் நின்றாள்.

"ஐயா, உங்கடை மனுசி செத்தும் மூண்டு வருசமாகுது. போன மாசம் வாசிகசாலையிலை நீங்கள்தானே விளக்கேத்தினீங்கள், அது நல்லாத்தானே நடக்குது. வாங்கோ, இதையும் கொளுத்திவிடுங்கோ."

பின்வரிசையில் ஒரு பெண் முதலில் சிரித்தாள். பிறகு பந்தலே சிரித்தது. சிற்றம்பலத்தார் கூட்டத்தை ஒருமுறை பார்த்தார், அவளை ஒருமுறை பார்த்தார், எழும்பி வேட்டியைச் சரிசெய்துகொண்டு வந்தார். மெழுகுதிரியை வாங்கித் திரியில் பிடித்தார். காற்று சுடரை அணைத்துவிடாமல் அன்னபாக்கியம் தன் இரண்டு கைகளாலும் மறைத்துப் பிடித்தாள். திரி பற்றிக்கொண்டது. யாரோ சுவிட்சைப் போட, ஆலை உறுமத் தொடங்கியது.