ஸ்டெல்லா அக்கா தேடிய அந்த ஒரு வரி

ஸ்டெல்லா அக்கா இன்று காலை போய்விட்டார்.

தாசேக் கெலுகோரிலிருந்து அவர் மகள் போன் செய்தாள். அதிலிருந்து ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை... இந்தப் பதிவையே மூன்று தடவை அழித்துவிட்டேன்.

தெரியாதவர்களுக்கு: ஜார்ஜ் டவுனில் ஒரு ஜர்னல் ஆபீசில் எங்களுக்குப் பக்கத்துப் பக்கத்து மேசை. முதுமையை நன்றாகக் கழிப்பது எப்படி என்ற ஆய்வுக் கட்டுரைகள் வரும். எழுதுகிறவர்களுக்குப் பெரும்பாலும் முப்பது வயது.

நான் மொழி திருத்துவேன். மேற்கோள் சரிபார்ப்பது அக்கா.

பாதிக் கட்டுரைகள் ஒரே வரியில்தான் தொடங்கும். முதுமை பற்றிய வரி, கீழே ஒரு பழம்புலவர் பெயர். அந்தப் புலவரின் பாடல்களை முழுக்கப் படித்தவர் அக்கா மட்டும்தான். இரண்டு தடவை. வரி அதில் இல்லை.

"ஒருத்தனும் புத்தகத்தத் தொறக்கல லா தம்பி. ஒருத்தனப் பாத்து ஒருத்தன் எழுதுறான்."

"எங்கயாச்சும் இருக்கும்க்கா" என்றேன்.

எங்கே இருந்தது என்று எனக்குத் தெரியும். லிட்டில் இந்தியாவில் ஒரு துணிக்கடையின் தினக் காலண்டரில். எழுதியவன் நான்.

பெயர் இல்லாவிட்டால் பொன்மொழிக்கு மரியாதை இல்லை என்றார் கடை முதலாளி. புலவர் பெயரைப் போட்டேன். அப்போது எனக்கு இருபத்து நான்கு வயது. முதுமை பற்றித் தெரிந்ததெல்லாம் பஸ்ஸில் எழுந்து இடம் கொடுக்க வேண்டும் என்பதுதான்.

ஒரு பேராசிரியரின் கட்டுரையில் அக்கா அந்த வரியை அடித்துவிட்டார். பேராசிரியர் நேரிலேயே வந்தார்.

"இத்தன பேரு போட்டிருக்காங்க. எல்லாருமா தப்பு?"

"ஆமா சார்."

அடுத்த மாதம் அக்காவைத் தபால் பிரிவுக்கு மாற்றினார்கள். வரி அச்சில் வந்தது. பேராசிரியர் வந்த அன்று அந்த அறையில் நானும் இருந்தேன். ஒரு காற்புள்ளியைச் சரிசெய்துகொண்டிருந்தேன்.

போன ஞாயிறு ஆஸ்பத்திரியில் பார்த்தேன். மாஸ்க்கை விலக்கிவிட்டு, "நான்தான் சரியா பாக்கலையோ தம்பி? ஏதாச்சும் பக்கத்த விட்டுட்டனோ?" என்றார்.

சொல்ல வாயெடுத்தேன். நர்ஸ் வந்தார்.

நர்ஸ் போன பிறகும் சொல்லவில்லை.

அந்த வரியைக் கட்டுரையில் போட்ட பலர் இந்தப் பக்கத்தில் நண்பர்களாக இருக்கிறீர்கள். காலண்டரின் அந்தத் தாள் என்னிடம் இருக்கிறது, போட்டோ கீழே.

ஒரு பக்கத்தையும் நீங்கள் விடவில்லை அக்கா.

போய் வாருங்கள்.