ஃபேன் இரைந்த வாரம்

தம்பிக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எதையும் அரைகுறையாக விடமாட்டான். அக்காவின் மடிக்கணினி ஊர்ந்து ஊர்ந்து ஓடுகிறது என்று காதில் விழுந்ததும் ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே வந்து தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டான். உள்ளே இருந்த கோப்புகளையெல்லாம் ஒரு பென் டிரைவில் வழித்தெடுத்துக்கொண்டு, பழைய ஆபரேட்டிங் சிஸ்டத்தை அடியோடு துடைத்துவிட்டுப் புதிதாகப் போட்டான். மத்தியானம் சாப்பிடக்கூட எழுந்திருக்கவில்லை.

"இப்போ பாருக்கா. கடையிலேருந்து நேரா இறக்கின மாதிரி இருக்கு."

இருந்தது. திரை பளிச்சென்று வந்தது, தொட்டதெல்லாம் சட்டென்று திறந்தது. கூடவே அதன் உள்ளே இருக்கும் ஃபேனும் இரைய ஆரம்பித்தது. அடுத்த வீட்டில் யாரோ மிக்ஸியைப் போட்டுவிட்டு மறந்து போனதுபோல விடாத இரைச்சல்.

"அது ஒண்ணும் இல்ல, அப்டேட் இறங்கிட்டிருக்கும். ஒரு நாள் விட்டுப் பிடி, தானா அடங்கிடும்," என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான். அது அடங்குகிற வழியாக இல்லை.

மடிக்கணினி இரைந்தால் என்ன, குடியா முழுகிவிடும் என்று கேட்கலாம். வேறு வீடாக இருந்தால் முழுகியிருக்காது. இந்த வீட்டில் பிழைப்பே காதை நம்பித்தான் ஓடியது. கம்பெனிகள் கூட்டம் போட்டுப் பேசுவதைப் பதிவு செய்து ஓர் ஏஜென்சிக்கு அனுப்பும். ஏஜென்சி அதை அக்காவுக்கு அனுப்பும். யார் என்ன பேசினார்கள் என்று கேட்டுக் கேட்டு அவள் தட்டச்சு செய்து கொடுப்பாள். மேசைக்கடியில் காலுக்கு ஒரு மிதி இருக்கும். அழுத்தினால் பேச்சு ஓடும், குதிகாலை ஊன்றினால் கொஞ்சம் பின்னால் போகும். ஹெட்போனை வலது காதில் மட்டும்தான் வைத்துக்கொள்வாள். இடது காது பக்கத்து அறைக்கு.

பக்கத்து அறையில் அவள் வீட்டுக்காரர் படுத்திருந்தார். லிஃப்ட் மெக்கானிக். ஊரில் பாதிப் பேரை மேலே ஏற்றி இறக்கிய மனிதர், தான் மட்டும் லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் மூன்றாவது மாடியில் குடியிருந்தார். "வீட்டுக்கு வந்தாலும் லிஃப்ட் முகத்துலயே முழிக்கணுமா?" என்பார். பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. நல்ல நாளாக இருந்து, ரொம்பவும் முயன்றால், ஒரு வார்த்தை வரும். அதனால் கட்டில் கம்பியில் ஸ்பூனால் தட்டிக் கூப்பிடுவார். ஒரு தட்டு என்றால் தண்ணீர். இரண்டு என்றால் பெட்பேன். மூன்று என்றால் சும்மா வா.

அந்த மூன்றாவதை ஏற்பாடு செய்தவள் அவளேதான். ஆஸ்பத்திரியிலிருந்து அழைத்து வந்த புதிதில், "ஒண்ணும் வேணாம்னாலும் கூப்பிடுங்க, வர்றேன்," என்று வாக்குக் கொடுத்துவிட்டாள். மற்ற இரண்டும் சேர்ந்தாலும் அந்த மூன்றுக்கு ஈடாகாது என்று அப்போது அவள் கண்டாளா? மிதியிலிருந்து காலை எடுத்துவிட்டுப் போவாள். அவர் அவள் முகத்தைப் பார்ப்பார். "என்னங்க?" என்பாள். ஒன்றுமில்லை என்று இடது கையை அசைப்பார். திரும்பி வந்து உட்கார்ந்தால், எந்த வாக்கியத்தில் விட்டோம் என்பதே மறந்திருக்கும்.

கோபம் வந்திருந்தால்கூட ஒரு கணக்குக்கு ஆகியிருக்கும். அதுவும் வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டால் யாரோ ஒருவர் கன்னத்தைத் தொடுகிற மாதிரி இருக்குமே, அவளுக்கு எல்லாமே அப்படித்தான் இருந்தது. துடைப்பாள், புரட்டிப் படுக்கவைப்பாள், ஊட்டுவாள். குறை சொல்ல முடியாதபடி செய்வாள். "பொறுமையில உன்ன அடிச்சிக்க ஆளே இல்ல," என்று கீழ்வீட்டுக்காரி படியில் பார்க்கும்போதெல்லாம் சொல்வாள். பொறுமை என்று ஒன்று இருந்தால்தானே, அவளுக்குச் சிரிப்புக்கூட வராது.

இப்போது பிரச்சினை, இந்த இரைச்சலில் ஸ்பூன் சத்தம் கேட்கவில்லை என்பதுதான். திங்கட்கிழமை முழுக்க எட்டி எட்டிப் பார்ப்பதிலேயே போயிற்று. சாயங்காலம் தம்பியைப் போனில் பிடித்தாள். டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்க்கச் சொன்னான். எதுவும் மறைவாக ஓடவில்லை, மடிக்கணினி சும்மாதான் உட்கார்ந்திருந்தது. சும்மா உட்கார்ந்துகொண்டே இப்படிக் கத்த வேண்டுமென்றால் அதற்கும் ஒரு தெம்பு வேண்டும். அடியில் காற்றுப் போகட்டும் என்று இரண்டு புத்தகங்களை முட்டுக் கொடுத்தாள். கத்தல் இன்னும் கொஞ்சம் நன்றாகக் கேட்டது.

"அப்போ தூசியா இருக்கும்கா. கழட்டித் தொடைச்சிரு."

செவ்வாய்க்கிழமை வீட்டுக்காரரின் திருப்புளிப் பையை எடுத்தாள். அவர் கட்டில் மேலேயே மடிக்கணினியைக் கவிழ்த்து வைத்துத் திருகுகளைக் கழற்றினாள். ஃபேன் வாயில் தூசி பஞ்சுபோல் படிந்திருந்தது. பெயின்ட் பிரஷால் தட்டி எடுத்தாள். மூடியபிறகு ஒரு திருகு மிச்சம் நின்றது. அவர் அதைப் பார்த்தார், அவள் அதைப் பார்க்காத மாதிரி பையில் போட்டாள். போட்டு ஓடவிட்டால் பழைய குருடி கதவைத் திறடி என்று அதே இரைச்சல்.

அவர் இடது கையால் 'இங்கே கொண்டு வா' என்று காட்டினார். தலையணை ஓரத்தில் வைத்தாள். கண்ணை மூடிக்கொண்டு காது கொடுத்துக் கேட்டார். எத்தனையோ கட்டடங்களின் மொட்டைமாடி மோட்டார் அறைகளில் அப்படித்தான் நின்று கேட்டிருப்பார். பிறகு உள்ளங்கையை அசைத்தார், தூசி இல்லை. ஒரு விரலைக் காற்றில் நேர்கோடாக இழுத்தார். அவளுக்குப் புரிந்தது. சத்தத்தில் உரசல் இல்லை, ஏற்ற இறக்கம் இல்லை. ஃபேன் நன்றாக இருக்கிறது, ஓடு என்று யாரோ சொல்வதால் ஓடுகிறது.

"டேய், உங்க மாமா ஃபேன் மேல தப்பே இல்லைங்கிறார்," என்று தம்பியிடம் சொன்னாள்.

"மாமா சொன்னா சரியாத்தான் இருக்கும்." போனில் அவன் கீபோர்டைத் தட்டுவது கேட்டது. பிறகு, "அய்யய்யோ, நான்தான்கா! லேப்டாப் செஞ்சவன் கூடவே ஒரு புரோகிராம் குடுத்திருப்பான், சூட்டைப் பாத்து ஃபேனைக் கூட்டிக் குறைக்கிறதுக்கு. நான் எல்லாத்தையும் துடைச்சப்போ அதுவும் சேந்து போயிருக்கு. அது இல்லாட்டி சூடு எவ்வளவுன்னே அதுக்குத் தெரியாது. எதுக்கு வம்புன்னு முழு வேகத்துல ஓடும். லிங்க் அனுப்புறேன், இறக்கி டபுள் கிளிக் பண்ணு. அஞ்சு நிமிஷ வேலை," என்றான்.

புதன்கிழமை காலையில் லிங்க் வந்தது. இறக்கினாள். அமுக்கப்போகும் நேரத்தில் ஏஜென்சியிலிருந்து அவசரம் என்று ஒரு பதிவு வந்து விழுந்தது. பூச்சிமருந்துக் கம்பெனி ஒன்றின் கூட்டம். ஆளாளுக்கு ஒரே நேரத்தில் பேசினார்கள். இரைச்சலில் ஒரு காது போதவில்லை, இரண்டு காதையும் மூடிக்கொண்டாள். இதை முடித்துவிட்டு அதைப் போட்டுக்கொள்ளலாம்.

நிமிர்ந்தபோது கூட்டம் முடிந்திருந்தது. பக்கத்தில் வைத்த டீயில் ஆடை படிந்திருந்தது. உட்கார்ந்த இடத்தைவிட்டு எழுந்திருக்காமல் ஒரு வேலையை ஆரம்பித்து முடித்திருக்கிறோம் என்று கொஞ்சம் தாமதமாகத்தான் உறைத்தது. யாரும் கூப்பிடவில்லை. இல்லை, கூப்பிட்டது கேட்கவில்லை.

உள்ளே போனாள். அவர் விழித்துக்கொண்டு வாசற்படியைப் பார்த்தபடி இருந்தார்.

"கூப்பிட்டீங்களா?"

இல்லை என்று தலையசைத்தார். தண்ணீர் கொடுத்தாள். கடகடவென்று முழுதையும் குடித்தார்.

அப்போதே போய் அந்தப் புரோகிராமை அமுக்கியிருக்கலாம். அமுக்கவில்லை. நாளைக்கு என்று நினைத்தாள். வியாழக்கிழமை, கையில் இருக்கும் வேலை முடியட்டும் என்று நினைத்தாள். தம்பி போன் செய்தபோது, "இன்னும் இல்லடா, நேரமே இல்ல," என்றாள். ஐந்து நிமிஷ வேலைக்கு நேரமில்லை என்று சொல்வதற்கும் ஒரு முகம் வேண்டும். போனில் முகம் தெரியாது, அதுவரை நல்லது. வேளாவேளைக்கு உள்ளே போய் எல்லாம் செய்துவிட்டு வந்தாள். வந்ததும் இரண்டு காதையும் மூடிக்கொண்டாள். வெளியே இரைச்சல், உள்ளே முன்பின் தெரியாதவர்களின் பேச்சு. அவளை யாரும் எதற்கும் தேடாத இடம் அது.

வெள்ளிக்கிழமை ஏஜென்சி மேலாளர் அம்மாவே கூப்பிட்டுப் பேசினார். "இந்த வாரம் வேலை பிசிறே இல்லம்மா. வீட்டுக்காரருக்கு உடம்பு தேவலையா?"

"தேவலை மேடம்," என்றாள்.

அன்று சாயங்காலம் உள்ளே போனபோது படுக்கை நனைந்திருந்தது. அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டிருந்தார். இரண்டு தட்டு. எத்தனை முறை தட்டினாரோ. அவள் ஒன்றும் கேட்காமல் விரிப்பை மாற்றினாள், உடம்பைத் துடைத்தாள், வேறு லுங்கி கட்டிவிட்டாள். நெஞ்சு பதறியிருக்க வேண்டும். பதறவில்லை. விரிப்பை ஊறவைத்துவிட்டு வந்து மேசைக்கு முன்னால் உட்கார்ந்து, திரை ஓரத்தில் அமுக்காமல் கிடந்த அந்தப் புரோகிராமையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஹெட்போனை எடுத்து மாட்டிக்கொண்டாள். தனக்கே தன்னைப் பிடிக்காமல் போனது அந்த நேரத்தில்தான்.

சனிக்கிழமை தம்பி சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றான். கதவைத் திறந்ததுமே, "இன்னுமா கத்துது?" என்றான். உட்கார்ந்து பார்த்தவன் நிமிர்ந்தான்.

"புதன்கிழமையே இறக்கிட்டியேக்கா. ஏன் போடல?"

"வேலை இருந்துச்சு."

அதற்கு மேல் கேட்கவில்லை. அரைகுறையாக விடாதவன் இதை மட்டும் அரைகுறையாக விட்டான். இரண்டு முறை அமுக்கினான். மடிக்கணினி அணைந்து எழுந்தது, ஒருதரம் பெரிதாக இரைந்தது, அப்படியே தணிந்து ஓய்ந்தது. திடீரென்று கடிகாரம் ஓடுவது கேட்டது. கீழே யாரோ வாளியை இழுப்பது கேட்டது. தம்பி உள்ளே போய் மாமாவோடு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, அவளிடம் தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போனான்.

அவள் வலது காதில் மட்டும் ஹெட்போனை வைத்தாள். இடது காதைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள். தட்டு வரவில்லை. ஒரு பக்கம் தட்டச்சு செய்தாள், இன்னொரு பக்கமும் செய்தாள். தண்ணீர் கேட்கிற நேரமும் தாண்டிப்போயிற்று. ஒரு தட்டுக்கூட இல்லை.

எழுந்து போனாள். அவர் விழித்துத்தான் இருந்தார். ஸ்பூன் இடது கையிலேயே இருந்தது, நெஞ்சின்மேல் இறுக்கிப் பிடித்தபடி.

"ஏங்க தட்டல?"

அவர் வெளி அறைப் பக்கம் பார்த்தார்.

"சத்தம் நின்னுடுச்சு, கேக்கும் எனக்கு." அவள் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "புதன்கிழமையே நிறுத்தியிருக்கலாங்க. நான்தான் நிறுத்தல. நீங்க கூப்பிடுறது கேக்க வேணாம்னு இருந்துச்சு."

தெரியும் என்பதுபோல் கண்ணை மூடித் திறந்தார். ஓடு என்று யாரோ சொல்வதால்தான் ஓடுகிறது என்று கண்டுபிடித்தவரே அவர்தானே. அவருடைய உதடு கோணிக்கொண்டு நெளிந்தது. ஒரு வார்த்தைக்கு முயல்கிறார் என்று தெரிந்து குனிந்தாள்.

"போ...டு."

"எத போட?"

ஸ்பூனை விட்டுவிட்டு, விரலை வெளி அறைப் பக்கம் நீட்டி, காற்றில் சுற்றிச் சுற்றிக் காட்டினார். ஃபேனைப் போடு. அந்தச் சத்தத்தைத் திரும்பப் போடு. பிறகு அதே கையால் அவளைப் போ போ என்று தள்ளினார். போய் உட்கார்.

ஏசியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பாள். இது அவளுக்குத் தாங்கவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது. இத்தனை நாளும் தொட்டும் தெரியாமல் கிடந்தது எல்லாம் ஒட்டுமொத்தமாக வலித்தது.

வெளி அறைக்குப் போனாள். புதிதாகப் போட்ட புரோகிராமைத் திறந்து பார்த்தாள். அமைதி, நடுத்தரம், முழுவேகம் என்று மூன்று இருந்தன. முழுவேகத்தை அமுக்கினாள். இரைச்சல் கிளம்பி வீட்டை நிறைத்தது. ஹெட்போனைத் தொடாமல் திரும்பி வந்து, கட்டில் ஓரத்தில் அவர் இடது பக்கமாக உட்கார்ந்தாள்.

அவர் திகைத்துப்போய்ப் பார்த்தார். வேலை, வேலை என்று வெளி அறையைக் காட்டினார்.

"கிடக்கட்டும்," என்றாள். இரைச்சலில் அது அவருக்குக் கேட்டதோ இல்லையோ. முகத்தை முந்தானையில் புதைத்துக்கொண்டு அவள் அழுதாள். இந்தச் சத்தத்தில் அவருக்குத் தெரியாது என்றுதான் நினைத்தாள். அவருடைய இடது கை தடவித் தடவி வந்து அவள் முதுகில் படிந்தது.